தனிக்கூண்டு

மொரப்பூர்
பிப்ரவரி 11, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மாயவன் எழுதுவது. இங்கே நிர்மலாவும் குழந்தை அமுதினியும் நலம். ஹைதராபாத் தண்ணீர் உனக்கு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா இருந்திருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பார்.

என் போன் அணைத்தே கிடக்கிறது என்று நிர்மலாவிடம் கோபப்பட்டாயாம். போன் மணி அடித்தால் எனக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. பேச எடுத்தாலும் வாயிலிருந்து வார்த்தை வருவதில்லை. எழுதினால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடிகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பொங்கல் முடிந்த வாரம் நிலக்கரி கூட்ஸ் ஒன்றை ஜோலார்பேட்டையிலிருந்து ஓட்டி வந்தேன். மொரப்பூர் தாண்டி பொம்மிடி போகும் வளைவு உனக்குத் தெரியும். தண்டவாளத்தில் ஓர் ஆடு நின்றது. அதை விரட்ட ஒரு பெரியவர் ஏறினார். பக்கத்தில் என் உதவி பைலட் காளியப்பன், "அண்ணா, ஆளுண்ணா, ஆளு!" என்று கத்தினான். நான் அதற்கு முன்பே ஹாரனையும் எமர்ஜென்சி பிரேக்கையும் போட்டுவிட்டேன். ஆனால் கூட்ஸ் வண்டி உடனே நிற்காது அக்கா. அது நிற்க ஒரு கிலோமீட்டர் வேண்டும்.

இத்தனை வருட சர்வீசில் இது முதல் தடவை இல்லை. எங்கள் வேலையில் யாருக்கும் இது ஒரு தடவையோடு முடிவதில்லை. ஆனால் முன்பு என் வண்டியில் அடிபட்டுச் செத்தவர்கள் முதுகு காட்டி நின்றார்கள். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ வழி கேட்கிற மாதிரி முகம். பெயர் பச்சியப்பன் என்று பிறகு தெரிந்தது.

சில நாள் லீவு கொடுத்தார்கள். திரும்பப் போனபோது அதே வளைவில், வெறும் தண்டவாளத்தில், பிரேக் போட்டு வண்டியை நிறுத்திவிட்டேன். காளியப்பன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அன்றிலிருந்து சிக் லீவில் இருக்கிறேன். எஞ்சின் ஏற விடவில்லை.

நீ உன் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குப் பயம் உண்டாக்கி, அதைப் போக்க மூக்கில் மருந்து சொட்டுவதாகச் சொன்னாயே. மனிதர்களுக்கு அது உண்டா? இருந்தால் எனக்கு ஏற்பாடு செய். இல்லையென்றாலும் உனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுது. பதிலை எதிர்பார்த்திருக்கும்,

உன் தம்பி
மாயவன்

*

ஹைதராபாத்
பிப்ரவரி 20, 2024

பிரியமுள்ள மாயவனுக்கு,

நான் நலம். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. ஆய்வுக்கூடத்து மாடிப்படியில் நின்றே படித்துவிட்டேன். இத்தனை நாள் இதை மனதில் வைத்துக்கொண்டு எப்படியடா இருந்தாய்? உன் மேல் ஒரு தப்பும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ மறைக்காமல் எழுதச் சொன்னாய். மூளையின் நரம்பணுக்கள் சின்னச் சின்னப் புரதத் துணுக்குகளை வெளிவிட்டு ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நியூரோபெப்டைடு என்று அதற்குப் பெயர். அதிர்ச்சி வந்தால் ஒரு வகைத் துணுக்கு உடம்பு முழுவதையும் உசுப்பிவிடும். இன்னொரு வகை, 'போதும், ஆபத்து போய்விட்டது' என்று அதை அடக்கும். சிலருக்கு இந்த இரண்டாவது வகை போதுமான அளவு சுரப்பதில்லை. அதனால் எப்போதோ முடிந்துபோன விஷயம் அவர்கள் உடம்புக்கு இன்னும் முடிவதில்லை. நீ வெறும் தண்டவாளத்தில் பிரேக் போட்டது கோழைத்தனம் இல்லை. உன் மூளை உனக்குத் தப்பான சேதி சொல்கிறது, அவ்வளவுதான்.

நாங்கள் அந்த அடக்கும் துணுக்கைத்தான் எலிகளின் மூக்கில் சொட்டுகிறோம். மாயவா, முடிவு எவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது தெரியுமா? அதிர்ச்சி நடந்த அன்றே சொட்டினால் எலி தேறிவிடுகிறது. சில வாரம் கழித்துச் சொட்டினால் ஒரு பலனும் இல்லை. பயம் அதற்குள் இறுகிப்போகிறது. அதன் பிறகு என்ன கொடுத்தாலும் அசைவதில்லை. எங்கள் ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பே இதுதான். அடுத்த மாதம் மாநாட்டில் வாசிக்கப் போகிறேன்.

மனிதர்களுக்கு இந்த மருந்து இன்னும் வரவில்லை. வர வருடங்கள் ஆகும். நீ தர்மபுரியில் நல்ல மனநல டாக்டராகப் பார். கூச்சப்படாதே. நிர்மலாவுக்கும் என் செல்லம் அமுதினிக்கும் என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
கலைமதி

*

மொரப்பூர்
மார்ச் 9, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நீயும் நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். மாநாட்டுக்குப் போய்வர உடம்பில் தெம்பு இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். புரியும்படி எழுதியிருக்கிறாய். அன்றைக்கே கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும், இப்போது இறுகிவிட்டது. அப்படித்தானே? அன்றைக்கு நான் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். பரவாயில்லை. தெரிந்துகொண்டது ஒரு வகையில் நல்லதுதான். இல்லையென்றால் இன்றைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

தர்மபுரி டாக்டரிடம் போனேன். மாத்திரை கொடுத்தார். வாரம் ஒரு தடவை வந்து பேசச் சொன்னார். நல்ல மனுஷர்.

வீடு அமைதியாக இருக்கிறது. தெருப்பக்க அறையை விட்டுப் பின்னறைக்கு மாறிக்கொண்டேன். அங்கே ரயில் சத்தம் கொஞ்சம் குறைவு. நிர்மலாவுக்கு மலையில் பள்ளிக்கூட வேலை அதிகம். அமுதினி நன்றாகப் படிக்கிறாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

மாயவன்

*

ஹைதராபாத்
மார்ச் 20, 2024

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்து நிம்மதி. டாக்டரிடம் போகிறாய் என்பதே பெரிய விஷயம். எனக்குச் சளி பிடித்து இப்போதுதான் விட்டது.

மாநாடு நன்றாக நடந்தது. நான் வாசித்து முடித்ததும் பெரிய பெரிய ஆட்களெல்லாம் தேடி வந்து பேசினார்கள். 'நேரம் தவறினால் பயம் இறுகும்' என்று நான் போட்ட தலைப்பையே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போன் செய்து சொல்லத் தோன்றியது. உன் போன்தான் அணைந்திருக்கிறதே!

சித்திரையில் வரலாம் என்று பார்த்தேன். முடியும்போல் தெரியவில்லை. அடுத்த கட்டச் சோதனை தொடங்கிவிட்டது. எலிகளைத் தினமும் ஒரே ஆள்தான் தொட வேண்டும். புதுக் கை பட்டால் அவை மிரண்டுபோகும், கணக்கெல்லாம் கெட்டுவிடும். அவற்றுக்கு என் கைதான் பழக்கம். ஆடிப் பதினெட்டுக்குக் கட்டாயம் வருகிறேன். எல்லோரும் தீர்த்தமலை போய்வருவோம்.

அமுதினி இப்போது என்ன விளையாடுகிறாள், என்ன கேட்கிறாள் என்று கொஞ்சம் விவரமாக எழுதக் கூடாதா? நிர்மலாவை ஒரு நாலு வரி எழுதச் சொல்.

உங்கள் மூவர் நினைவோடு,
கலைமதி

*

சித்தேரி
ஏப்ரல் 16, 2024

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நிர்மலா வணக்கத்துடன் எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? அமுதினி நலம். நான் நலம் என்று எழுதினால் பொய்யாகும்.

மேலே போட்டிருக்கும் ஊரைப் பார்த்திருப்பீர்கள். மார்ச் முதல் வாரத்திலிருந்து நானும் குழந்தையும் இங்கேதான் இருக்கிறோம். என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறோம். முன்பெல்லாம் தினமும் அரூர் போய் பஸ் பிடித்து மலையேறி இறங்குவேன். இப்போது இறங்குவதில்லை. அவர்தான் போகச் சொன்னார். இங்கே போன் சிக்னல் எப்போதாவதுதான் கிடைக்கிறது. கிடைத்தாலும் குழந்தையை வைத்துக்கொண்டு உங்களிடம் இதையெல்லாம் பேச முடியாது.

அமுதினி சமையலறையில் ஒரு தட்டைக் கீழே போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு அவர் கையிலிருந்த சொம்பை வீசிவிட்டார். குழந்தை மேல் படவில்லை. கதவில் பட்டு நசுங்கியது. அவள் அழக்கூட இல்லை, அப்படியே நின்றாள். அவர் அவளைப் பார்த்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். "நிர்மலா, புள்ளயக் கூட்டிக்கினு போயிரு. நான் இந்த வூட்ல தனியா இருந்துக்கறேன். நான் இருக்கற எடத்துல அவ இருக்க வேணாம்" என்றார். நான் எவ்வளவோ சொன்னேன்.

ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கிப் போனேன். மாத்திரை அட்டை பிரிக்காமலே இருக்கிறது. டாக்டரிடம் இரண்டு தடவைக்கு மேல் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "எங்கக்கா அந்தப் படிப்புதான் படிச்சிருக்கா. இறுகிப்போச்சுன்னா அப்புறம் ஒண்ணும் கேக்காதுன்னு அவளே எழுதியிருக்கா. அப்புறம் எதுக்கு மாத்திர? வீணா உன்னையும் ஏமாத்திக்கினு, என்னையும் ஏமாத்திக்கினு" என்றார்.

அண்ணி, உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. நீங்கள் அவரிடம் உண்மையைத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அவர் உங்கள் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர். நீங்கள் சொன்னால்தான் அவர் கேட்பார். நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அமுதினி உங்களுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

நிர்மலாதேவி

*

ஹைதராபாத்
ஏப்ரல் 24, 2024

என் மாயவா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே.

உடனே மாத்திரையை எடுத்துக்கொள். தவறாமல் டாக்டரிடம் போ. நான் எழுதியது எலிகளைப் பற்றி. நீ எலி இல்லை. மனிதர்களுக்கு எத்தனையோ மருந்து இருக்கிறது, பேசிக் குணமானவர்கள் இருக்கிறார்கள். எலிக்குப் பேச வராது. என் முடிவு எலிகளைப் பொறுத்தவரை சரியானது. அது உனக்கும் பொருந்தும் என்று உனக்கு யார் சொன்னது?

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் அக்கா சொல்கிறேன், கேள். நேரில் ஓடி வந்திருப்பேன். சோதனை பாதியில் இருக்கிறது. இப்போது விட்டால் ஒரு வருட உழைப்பும் போய்விடும், என் மாணவி ஸ்ரவந்தியின் பட்டமும் தள்ளிப்போகும். இந்த ஒரு கட்டம் முடியட்டும்.

பதில் போடு. இரண்டு வரி போதும். மாத்திரை போட்டேன் என்று எழுது.

கலைமதி

*

ஹைதராபாத்
ஜூன் 22, 2024

பிரியமுள்ள மாயவா,

ஏப்ரலில் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறேன். நிர்மலாவுக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை என்று வருகிறது. பள்ளி விடுமுறையில் ஒரே ஒரு தடவை, அவள் அரூருக்கு வந்திருந்தபோது பேசினேன். நீ அப்படியேதான் இருக்கிறாய் என்றாள். உடம்பு இளைத்துவிட்டதாம். வேளைக்குச் சாப்பிடு.

இங்கே ஒன்று நடந்திருக்கிறது. பிப்ரவரியில் நான் உனக்கு எழுதினேனே, அதைப் பற்றியது. இப்போதைக்கு விவரமாக எழுத மனம் வரவில்லை. ஒரு தடவை அவசரப்பட்டு எழுதினேன். மறுபடியும் அதைச் செய்ய மாட்டேன். திரும்ப ஒரு முறை செய்து பார்த்து, உறுதியான பிறகு எழுதுகிறேன்.

கொஞ்சம் பொறுத்திரு. எந்த முடிவும் எடுத்துவிடாதே.

அக்கா

*

மொரப்பூர்
ஜூலை 24, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் நலம் என்று எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் கை ஓடுவதில்லை.

நீ சொன்னதற்காகக் கொஞ்ச நாள் மாத்திரை போட்டேன். தூக்கம் வந்தது. தூக்கத்தில் அந்தப் பெரியவரும் வந்தார். நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள் பச்சியப்பனின் ஊருக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு பையன் வீட்டைக் காட்டினான். ஓட்டு வீடு. வாசலில் ஆடுகள் கட்டியிருந்தார்கள். ஓர் அம்மா குடத்தோடு வெளியே வந்து, "யாரு வேணுங்க?" என்று கேட்டார்கள். வேறு யாரையோ தேடி வந்ததாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். "வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அந்த அம்மா பின்னாலேயே சொன்னார்கள். நான் நிற்கவில்லை.

இப்போது ஒரு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும். மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா தன்மையாகப் பேசினார். "இன்னும் ஆறு மாசம் டிரீட்மெண்ட் எடுத்துப் பாக்கறீங்களா, இல்ல எஞ்சின் வேணாம், வேற வேலைக்கு மாத்திக்கறேன்னு எழுதித் தரீங்களா? உங்க இஷ்டம்தாங்க, யாரும் கட்டாயப்படுத்தல" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு எஞ்சின் ஏற முடியாது. ஆகஸ்ட் நடுவில் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா, எஞ்சின் ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. அது உனக்குத் தெரியும். ஆனால் சரியாகாத ஒன்றுக்கு ஆறு மாதம் எதற்கு என்று தோன்றுகிறது. உன்னுடைய எலிகளுக்குப் புதுக் கை ஆகாது என்று எழுதியிருந்தாய். அவற்றை விட்டு வர முடியாது என்று தெரியும், அதனால் வரச் சொல்லவில்லை. பொறுத்திரு என்று எழுதினாயே, எதற்கு? விவரம் வேண்டாம். நல்ல சேதியா கெட்ட சேதியா, அதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதும்.

எதிர்பார்த்திருக்கிறேன்.

மாயவன்

*

ஹைதராபாத்
செப்டம்பர் 3, 2024

பிரியமுள்ள மாயவா,

இந்தக் கடிதத்தை நிர்மலாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அவளுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.

ஜூனில் எங்கள் எலிக்கூடத்தில் குளிர்சாதனம் பழுதானது. ஒரு பக்கத்து அலமாரிகளை முழுவதும் காலி செய்ய வேண்டியதாயிற்று. கூண்டு போதவில்லை. நான் அன்று ஒரு கூட்டத்தில் இருந்தேன். ஸ்ரவந்தி என்னைக் கேட்காமல், காலம் கடந்து மருந்து கொடுக்க வைத்திருந்த எலிகளை இரண்டிரண்டாக ஒரே கூண்டில் போட்டுவிட்டாள். எனக்குத் தெரிந்தபோது அவளைத் திட்டினேன். சோதனையே கெட்டது என்று நினைத்தேன்.

அந்த எலிகள் தேறின, மாயவா. காலம் கடந்து கொடுத்த மருந்து வேலை செய்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் தண்ணீர் சொட்டிய எலிகளில்கூடச் சில, சோடி கிடைத்ததும் மெல்ல மெல்லப் பயம் தெளிந்து நடமாடின. மூளையைப் பார்த்தால் அந்த அடக்கும் துணுக்கு திரும்பச் சுரந்திருக்கிறது.

அதுவரை எங்கள் எலிகள் எல்லாம் தனிக்கூண்டில் இருந்தன. ஒன்றை ஒன்று நக்கி, கடித்து, கணக்கைக் குழப்பக் கூடாது என்று நாங்கள்தான் பிரித்து வைத்தோம். எல்லா ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான் வைப்பார்கள், யாரும் அதை யோசித்துப் பார்ப்பதில்லை. அன்றே மருந்து கொடுத்த எலி தனிக்கூண்டில் அதிக நாள் இருந்திருக்காது. வாரங்கள் கழித்துக் கொடுத்த எலி அத்தனை வாரமும் தனியாகக் கிடந்திருக்கிறது. அதைத்தான் நான் 'பயம் இறுகிவிட்டது' என்று படித்தேன். அதைத்தான் உனக்கு எழுதினேன். அது தப்பு. உனக்கு நேரம் கடந்துவிடவில்லை.

ஜூனிலேயே இதை ஒரு முறை பார்த்துவிட்டேன். ஒரு முறை பார்த்ததை நம்பக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். மறுபடி தொடங்கினேன். ஜூலையில் உன் கடிதம் வந்தது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நாளில் உறுதியாகிவிடும், அப்போது எழுதலாம் என்று தோன்றும். நல்ல சேதி என்று எழுதி, அது பொய்யாகப் போனால் நீ தாங்க மாட்டாய் என்றும் பயந்தேன். ஆடிப் பதினெட்டும் போய்விட்டது. போன வெள்ளிக்கிழமை இரண்டாவது முறையும் அதே முடிவு வந்தது. உறுதிதான்.

நிர்மலாவையும் குழந்தையையும் உடனே வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள். மாத்திரையை விடாதே. போர்டில் ஆறு மாதம் கேள். இன்னும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

கலைமதி

*

மொரப்பூர்
செப்டம்பர் 19, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சொன்ன நாளுக்கு மேல் ஒரு வாரம் கூடுதலாக நேரம் கேட்டு வாங்கியிருந்தேன். உன் கார்டு வரவில்லை. கெட்ட சேதி என்பதால்தான் எழுத மனமில்லாமல் இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அந்த டாக்டரம்மா, "யோசிச்சுட்டீங்களா?" என்று மறுபடியும் கேட்டார். யோசித்துவிட்டேன் என்றேன்.

போட்டுவிட்டு வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அரூர் போய் சித்தேரி பஸ் ஏறிவிட்டேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். நிர்மலா என்னைப் பார்த்து ஓடி வந்தாள். கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். "போட்டுட்டு வந்து சொல்றீங்களே, போடறதுக்கு முந்தி என்ன ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா? நான் என்ன, செத்தா போயிட்டேன்?" என்று அழுதாள். அமுதினி தூரத்திலேயே நின்றாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று இருந்தது. இருட்டுகிற சமயம் அவளாகவே வந்து, "அப்பா, இங்கயே இருக்கறியா?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் அங்கேயே இருந்தேன். ஒரே அறை, மூன்று பேரும் அடுத்தடுத்துப் படுத்தோம். அங்கே எனக்குத் தூக்கம் வந்தது அக்கா. மாத்திரை இல்லாமல் வந்தது. திரும்பி இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் பஸ்காரர் ஹாரனை வைத்து அழுத்தினார். உடம்பு தூக்கிப்போட்டது. ஆனால் அமுதினி என் மடியில் இருந்தாள். உடனே அடங்கிவிட்டது. இப்போது மூவரும் வீட்டில் இருக்கிறோம். டாக்டரிடமும் போகிறேன், நிர்மலா கூடவே வந்து உட்காருகிறாள். அதனால் உன் கடிதம் வந்தபோது அதை நம்ப எனக்குக் கஷ்டமாக இல்லை.

கடிதத்தோடு ஆபீசுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். அங்கிருந்த கிளார்க் வீரமணி தெரிந்தவர்தான். "ஆர்டர் வந்தாச்சுங்க மாயவன். நீங்களே எழுதிக் குடுத்தது. இனிமே மாத்த வழியில்லீங்க" என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது. இப்போது ஜோலார்பேட்டையில் டிரைவர்கள் வேலைக்கு ஏறுமுன் கையெழுத்துப் போடுகிற இடத்தில் எனக்கு வேலை. காளியப்பன் இப்போது எஞ்சின் ஓட்டுகிற லோகோ பைலட் ஆகிவிட்டான். வந்து என் முன்னால் நின்று கையெழுத்துப் போடுகிறான். முகத்தைப் பார்ப்பதில்லை. "நல்லபடியா போய்ட்டு வா" என்று நான்தான் சொல்லி அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை நிர்மலா வாய்விட்டுப் படித்தாள். எலிகளைப் பற்றி எழுதியிருந்த இடமெல்லாம் நன்றாகப் புரிந்தது. முதலில் எழுதியது தப்பாகப் போனதற்கு உன் மேல் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் கேட்டேன், நீ சொன்னாய்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஜூனிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. உறுதியில்லை என்கிறாய், சரி. 'உறுதியில்லை, ஆனால் நல்ல சேதி மாதிரி இருக்கிறது' என்று எழுதக் கூடாதா அக்கா? அது பிறகு பொய்யாகப் போயிருந்தாலும் பரவாயில்லை. நான் அந்த ஆறு மாதத்தைக் கேட்டு வாங்கியிருப்பேன். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

கோபத்தில் எழுதவில்லை. மனதில் வைத்துக்கொண்டால் உன்னோடு பழையபடி பேச முடியாது என்று தோன்றியது. வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி
மாயவன்

*

ஹைதராபாத்
செப்டம்பர் 27, 2024

என் மாயவனுக்கு,

நீங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்று படித்ததும், மேற்கொண்டு படிக்காமல் கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டேன். பிறகுதான் மீதியைப் படித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதிப் பார்த்தேன். எழுதியதெல்லாம் காரணங்களாகவே வந்தது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். அதனாலேயே அனுப்ப மனம் வரவில்லை. எழுதியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாநாட்டில் வாசித்தது தப்பு என்று அவர்களுக்கு எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். படிவம்கூட உண்டு. உனக்கு எழுதியதைத் திரும்பப் பெற எனக்கு வழி தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை புறப்பட்டு, காட்பாடியில் மாறி, வியாழக்கிழமை காலை மொரப்பூர் வந்து சேருவேன். எலிகளை ஸ்ரவந்தி பார்த்துக்கொள்கிறாள். எத்தனை நாள் இருப்பேன் என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நீ பிளாட்பாரத்துக்கு வர வேண்டாம், வண்டி வரும்போது சத்தம் அதிகமாக இருக்கும். வெளியே ஆட்டோ நிற்கும் இடத்தில் நிர்மலாவோடும் குழந்தையோடும் நில். பையைத் தூக்கிக்கொண்டு நானே நடந்து வந்துவிடுவேன்.

என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வரவில்லை. உனக்குப் பேசத் தோன்றவில்லை என்றாலும் சரிதான். உங்களோடு இருக்கிறேன்.

அக்கா